கட்டுப் பழகிய மாதம்

நர்சிங் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் ஹாஸ்டலில் அம்மை போட்டுவிட்டது. முதலில் ஒரு பெண்ணுக்கு, அப்புறம் அவள் பக்கத்துக் கட்டில்காரிக்கு. இன்னும் அம்மை வராதவர்கள் வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு நேராகப் பரீட்சைக்கு வந்தால் போதும் என்று எங்கள் ஹாஸ்டல் சிஸ்டர் சொல்லிவிட்டார். நான் பெங்களூரில் ரயிலேறி, பங்காருபேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பத்தில் இறங்கினேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. டிரங்குப் பெட்டியில் துணியைவிடப் புத்தகம்தான் கனத்தது.

எங்கள் வீடு தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைனில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவருக்குப் பூமிக்கடியில் மரத்தால் முட்டுக் கொடுக்கும் வேலை. அந்த மாதம் நைட் ஷிப்ட், அதனால் பகலில் தூங்குவார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து முணுமுணுத்துப் படிப்பேன். பரீட்சை முழுவதும் இங்கிலீஷில். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு மனதில் நிற்கும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைப்பாள். புடைக்கும்போதே ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பாள். அது அவளுடைய நெடுநாள் பழக்கம்.

நான் நர்ஸ் ஆவதில் அம்மாவுக்கு இஷ்டமில்லை. பயிற்சியில் சேரக் கிளம்பிய அன்று ஒரே ஒரு தடவை, "ஊரான் பீ மூத்திரம் அள்ற பொண்ண எவன் கட்டிக்குவான்?" என்றாள். "கட்டிக்கிறவன் கட்டிக்குவான்" என்றார் நைனா. அந்தப் பேச்சு அதோடு நின்றது. மூன்று வருடமும் லீவுக்கு வரும்போதெல்லாம் அங்கே என்ன வேலை செய்கிறாய் என்று அவள் கேட்டதே இல்லை.

எழுத்துப் பரீட்சையைவிட எனக்குச் செய்முறைப் பரீட்சைதான் பயம். கட்டுப் போடுவதில் கை ஓடாது. பழைய வேட்டியை நீளமாகக் கிழித்துச் சுருட்டி வைத்துக்கொண்டேன். துணி கிடைத்துவிட்டது, கட்டிப் பார்க்க ஓர் உடம்பு வேண்டும். ஒரு நாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து களி சாப்பிட்டுப் படுக்கப் போன நைனாவிடம் கேட்டேன்.

"தலதான, கட்டிக்கோ. நான் தூங்குறேன்" என்றார்.

தலைக்குத் தொப்பி மாதிரி வரும் கட்டு அது. இரண்டு சுருள்களை எதிரும் புதிருமாகக் கொண்டுபோக வேண்டும். முதல் இரண்டு முறை காதோரம் நழுவியது. மூன்றாவது முறை நின்றது. அந்த உற்சாகத்தில் வலது கையையும் மடக்கித் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டினேன். அதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். புரண்டு படுத்தாலும் கட்டு நிற்கிறதா பார்க்கலாம் என்று அப்படியே விட்டு, பின்பக்கம் துணி துவைக்கப் போனேன்.

முந்தின நாள்தான் பூமிக்கடியில் எங்கோ பாறை வெடித்து லைன் முழுக்கப் பாத்திரங்கள் குலுங்கியிருந்தன. யாருக்கும் அடியில்லை என்றார்கள். அப்படிச் சொல்வதை எங்கள் பக்கத்தில் யாரும் உடனே நம்புவதில்லை. பக்கத்து வீட்டு அக்கா முறம் வாங்க வந்தவள் வாசலிலிருந்து உள்ளே பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயடிக்கு ஓடி, "யக்கா, மாமா தல ஒடஞ்சி படுத்துகினு கீறாரு யக்கா!" என்று அம்மாவிடம் கத்தியிருக்கிறாள்.

நான் சத்தம் கேட்டு ஈரக் கையோடு வந்தபோது வீட்டு முன்னால் லைன் பெண்கள் கூடிவிட்டார்கள். இரண்டு பேர் அழவே தொடங்கியிருந்தார்கள். அம்மா அழவில்லை. வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, மூச்சுதான் வரவில்லை. கூச்சலில் விழித்த நைனா கட்டோடும் தூளியோடும் எழுந்து உட்கார்ந்து, "இன்னாமே, யாரு பூட்டாங்க?" என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அழுதவர்கள் அதிகமாகச் சிரித்தார்கள். அம்மா மட்டும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். வெகுநேரம் இளைத்தது. பயத்தில் ஓடிவந்ததால்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அம்மா, சாயங்காலம் நைனா வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு சொன்னாள்: "இனிமே அவரு மேல கட்டாத. ஒரு தபா பாத்துட்டேன், போதும். என் மேல கட்டு."

மறுநாளிலிருந்து மத்தியானம் சமையல் முடிந்ததும் அம்மா பாயில் வந்து படுப்பாள். நான் முதலில் படுக்கையிலேயே நோயாளியைத் துடைத்துவிடும் முறையைப் பழகினேன். கை, மார்பு, முதுகு, கால் என்று ஒவ்வொன்றாக, மற்ற இடத்தைப் போர்வையால் மூடிக்கொண்டே துடைக்க வேண்டும். அம்மா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"இத்ததான் அங்க எல்லாருக்கும் செய்றியா?"

"ஆமா."

"ஆம்பளைங்களுக்கும்?"

"அவங்களுக்கு வார்டு பாய் செய்வாங்க. ஆளு இல்லன்னா நாங்கதான்."

நான் அவள் கால் விரல் இடுக்குகளைத் துடைத்து ஈரம் ஒற்றிக்கொண்டிருந்தேன். "தண்ணி ஆறிப்போச்சி பாரு, மாத்து" என்றாள். ஆறினால் மாற்ற வேண்டும் என்றுதான் புத்தகமும் சொல்கிறது. அடுத்த நாள் நான் கேட்காமலே வெந்நீர் வைத்து, பக்கத்தில் குளிர்ந்த நீரும் எடுத்து வைத்திருந்தாள்.

பிறகு காலுக்குக் கட்டுப் பழகினேன். பாதத்திலிருந்து முழங்கால் வரை எட்டுப் போட்டுச் சுற்றிக்கொண்டு போவது. நன்றாக வந்தது. ஆனால் பிரித்துப் பார்த்தால் துணியின் ஒவ்வொரு விளிம்பும் காலில் பள்ளமாகப் பதிந்திருந்தது. இறுக்கிக் கட்டினால் பரீட்சையில் மார்க் போய்விடும். தளர்த்திக் கட்டினேன். மறுபடியும் பள்ளம். நழுவி விழும் அளவுக்குத் தளர்த்தினேன். அப்போதும் தடம் இருந்தது.

கையில் குற்றமில்லை என்று அப்போதுதான் தோன்றியது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். குழி விழுந்து, மெல்ல மெல்லத்தான் நிரம்பியது. அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் போல இருந்தது. வீக்கம், வெளிறல், இளைப்பு, அரிசியும் மண்ணும் தின்னத் தோன்றும் ஆசை. ரத்தசோகையைப் பற்றிய அந்த வரிகளை நான் ஒரு வாரமாக இங்கிலீஷில் முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தேன், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து அரிசி மென்றுகொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும்மா."

"எனக்கு இன்னா வந்துச்சி? உம் பரீட்ச முடியட்டும்."

"பரீட்ச எனக்கு. உனக்கு இல்ல."

"போனா படுக்க வெச்சிடுவாங்க. உங்க நைனாக்கு யாரு ஆக்கிப் போடறது?"

தூங்குகிறார் என்று நினைத்த நைனா போர்வைக்குள்ளிருந்து, "நானே ஆக்கித் தின்னுறேன், போய் வா" என்றார்.

காலையில் கம்பெனி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கன்னடக்காரப் பெண் டாக்டர். அம்மாவின் இமையைப் பார்த்துவிட்டு, "எஷ்டு வருஷமா இப்படி?" என்றார். எத்தனை வருடம் என்று அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாயடியிலிருந்து குடம் தூக்கி வரும்போது வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைப்பாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அப்படித்தான். உறவுக்காரர்கள் அவளைச் சோம்பேறி என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கொக்கிப்புழு என்று பரிசோதனையில் தெரிந்தது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவர்களுக்குப் பாதம் வழியாக ஏறிக் குடலில் தங்கி ரத்தம் குடிக்கும் புழு. எங்கள் லைனில் பாதிப் பேருக்கு இருந்திருக்கும். அட்மிட் செய்து புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவளுக்குப் படுக்கையிலேயே மலஜலம் கழிக்க நான் முதன்முதலில் பெட்பேன் வைத்ததை வார்டு நர்ஸ் பார்த்துவிட்டு, "டிரெய்னிங்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு அம்மாவை என்னிடமே விட்டுவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் படித்தேன். அந்த நாட்களில் படித்தது குறைவு.

அவளை வீட்டில் கொண்டுவந்து விட்ட கையோடு பெங்களூருக்குப் போனேன். எழுத்துப் பரீட்சையில் கொக்கிப்புழுவைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. செய்முறையில் முழங்கைக்குக் கட்டுப் போடச் சொன்னார்கள், வயிறு கழுவுவதற்கான சாமான்களைத் தட்டில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். தட்டில் ஒரு சாமானை மறந்துவிட்டேன். பரீட்சை வைத்த அம்மாள் அதைச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார். இரண்டாம் வகுப்பில் பாஸ் ஆனேன்.

நான் திரும்பி வந்தபோது அம்மா குடத்தை ஒரே மூச்சில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். முகம் கொஞ்சம் உப்பல் வடிந்து இளைத்திருந்தது, கோபம் மட்டும் அதிகமாகியிருந்தது. லைனில் எந்தப் பெண் களைப்பாக உட்கார்ந்தாலும், "கண்ண காட்டு" என்று இமையை இழுத்துப் பார்ப்பாள். "பொண்ணு நர்சு, அம்மா டாக்டரு" என்று அவர்கள் சிரிப்பார்கள். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சிலர் போகவில்லை. என் வேலையைப் பற்றி அவள் நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது மட்டும், வேலையை விடச் சொன்ன ஒரு வரனை எங்களைக் கேட்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள்.

எனக்குப் பங்காருபேட்டையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. தினமும் ரயிலில் போய்வந்தேன். அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். குழாயடிக்குச் செருப்போடு போனால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் மட்டும் போட்டுக்கொண்டாள். கோயிலிலும் வாசலில் கழற்றத்தானே வேண்டும் என்று நைனா கேலி செய்தார். இரண்டு வருடத்தில் அவளுக்கு மறுபடியும் இளைப்பு வந்தது. ஒரு நாள் நான் டூட்டி முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அந்தத் தடவை அவளே கம்பெனி ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று, கண்ணைக் காட்டி, மருந்து வாங்கிக்கொண்டு வந்தாள்.