அடங்கலில் நெல்

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் டீக்கு நிற்கிறேன். கடைக்குப் பின்னால், இரண்டு தொழிற்சாலை மதில்களுக்கு நடுவே, அரை ஏக்கர் அளவுக்கு நெல் நிற்கிறது. தாள்களில் கன்டெய்னர் லாரிகளின் தூசி. கம்பெனி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கி, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வரப்புக்கு வருகிறாள். நைட் ஷிஃப்ட் முடிந்த கண்கள்.

"தூங்கப் போகலையாம்மா?"

"வி.ஏ.ஓ. வர்றாரு சார், அடங்கல் கணக்கு எழுத. இன்னா பயிர் கீதுன்னு போட்டோ எடுத்துக்கினு போவாரு. சும்மா வுட்டா தரிசுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் பிளாட் போடறது ஈசி. நெல்லு நின்னா கலெக்டர் வரைக்கும் போயி பர்மிஷன் வாங்கணும்."

"உங்க நிலம்தானே? நீங்க விக்காம இருந்தா போதாதா?"

அவள் சிரிக்கிறாள். "என் மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார். ஓ.டி. காசு இல்லாத மாசம் புரோக்கர் போன் பண்ணா மனசு தடுமாறுது. சட்டமாவது என்னைப் புடிச்சி நிறுத்தட்டும்னுதான் வெதைக்கிறேன்."

கிராம நிர்வாக அலுவலர் பைக்கை நிறுத்திவிட்டு வந்து கைபேசியைத் தூக்குகிறார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று அவள் குனிகிறாள். சாய்ந்து கிடக்கும் ஒரு குத்து நெல்லை, பள்ளிக்கூட போட்டோவுக்குப் பிள்ளையின் தலையைக் கோதிவிடுவதுபோல் நிமிர்த்தி, தூசியைத் துடைக்கிறாள். பிறகு, தான் படத்தில் விழாதபடி தள்ளி நிற்கிறாள்.

"இப்ப எடுங்க."