ஐந்து நிமிடப் பறப்பு

வடகடலில் இருக்கும் அந்த இரண்டு தீவுகளின் பெயரை நான் சொல்லமாட்டேன். அகதிகளுக்குப் பயணக் கடிதம் கொடுத்த அலுவலகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 1986இல், பெர்லினில் வந்திறங்கி அகதி வழக்குப் போட்டிருந்த காலம், ஒரு தீவின் ஹோட்டல் குசினியில் அம்புறோஸ் அண்ணையும் நானும் கோப்பை கழுவினோம். பக்கத்துத் தீவின் ஹோட்டலில் அவருடைய தங்கை கொறற்றியும் புருஷனும் படுக்கை விரிப்புகள் தோய்த்தார்கள். மாசியில் அவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தும் ஞானத்தகப்பன் அம்புறோஸ்தான் என்பது அதற்கு முன்பே முடிவான விஷயம்.

இரண்டு தீவிலும் புல்வெளி அகலத்தில் ஒரு விமான நிலையம் உண்டு. தூரம் பதினான்கு கிலோமீற்றர், பறந்தால் ஐந்து நிமிடம் என்று விமானி சொன்னான். கப்பல் என்றால் கடலின் வற்றுப்பெருக்குப் பார்த்துக் கரைக்குப் போய், பஸ் பிடித்து, மறுபடி வற்றுப்பெருக்குப் பார்க்க வேண்டும். ஒரு நாள் முடிந்துவிடும். தீவுகள் வேறு வேறு மாவட்டம். அகதி மாவட்டம் தாண்டக் கடிதம் வேண்டும்.

அம்புறோஸ் விண்ணப்பத்தில் பயண நேரம் ஐந்து நிமிடம் என்று எழுதினார். அது திரும்பி வந்தது. ஐந்து நிமிடத்தில் யாரும் மாவட்டம் தாண்ட முடியாதாம். திருத்தினால் கையெழுத்து வைப்பார்களாம்.

"ஒரு நாள் எண்டு எழுதுங்கோ அண்ணை. ஆர் மணிக்கூடு பாக்கப்போறான்?" என்றேன்.

"ஏலாது. அகதி விசாரணையில கொழும்பிலயிருந்து பெர்லினுக்கு எத்தினை மணித்தியாலம் எண்டு கேட்டவங்கள். ஒருக்காப் பதினாலு எண்டன், மற்றமுறை பதினாறு எண்டன். அதைப் பிடிச்சுத்தான் என்ரை கேஸைத் தள்ளினவங்கள். அப்பீல் கிடக்கேக்கை ஒரு நிமிசமும் பிழையா எழுதன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பம் மூன்று முறை போய் வந்தது. மூன்றிலும் ஐந்து நிமிடம்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு கொறற்றியின் தீவுக்குப் பாதிரியார் வரமாட்டார். ஞானஸ்நானத்தை அதற்குமேல் தள்ள முடியவில்லை. அம்புறோஸ் களவாய் வந்து இறங்குகிறாரா என்று பார்க்க, தீவின் ஒரே பொலிஸ்காரர் விமான நிலையத்தில் நின்றார். ஒருவரும் வரவில்லை. எதற்கும் கோயிலையும் ஒருமுறை பார்ப்போம் என்று போனார். அங்கே பாதிரியார், ஞானத்தகப்பனாக நிற்க ஒரு கத்தோலிக்கனாவது கிடைப்பானா என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொலிஸ்காரர் கத்தோலிக்கர். தொப்பியைக் கழற்றிவிட்டுக் குழந்தையைக் கையில் வாங்கினார்.

அன்று அம்புறோஸ் என்னுடைய பங்குக் கோப்பைகளையும் சேர்த்துக் கழுவினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

நவம்பரில் அலுவலக மேசையில் ஆள் மாறி, கடிதம் வந்தது. பயண நேரம்: ஐந்து நிமிடம். மிச்சம் கொறற்றி எனக்குச் சொன்னது.

கடிதத்தைச் சரிபார்க்க விமான நிலையத்துக்குப் பொலிஸ்காரரே வந்திருந்தார். குழந்தை அவருடைய தோளில் இருந்தது. ஞாயிறு தவறாமல் வந்து தூக்கிப் பழக்கிவிட்டார். கடிதம் சரியாக இருந்தது. அம்புறோஸ் இரண்டு கையையும் நீட்டினார். குழந்தை பொலிஸ்காரரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீரிட்டது.

அம்புறோஸ் கையை மடக்கி மணிக்கூட்டைப் பார்த்தார். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"ஏழு நிமிசம் எடுத்தது, தங்கச்சி," என்றார். "எதிர்க்காத்து. நான் பிழையா எழுதிப்போட்டன்."