கிருஷ்ணம்மாள் ஒட்டிய சுவர்

ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கிருஷ்ணம்மாளுக்குச் சொந்தமாக ஒரு சுவர் இருந்ததில்லை. பிறந்தது கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே பட்டறையில் ஃபிட்டர். இருபத்தொரு வயதில் கல்யாணமாகிக் குடிவந்தது கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு. புருஷன் மருதமுத்து அங்கே தலைமை அலுவலகத்தில் கிளார்க். இரண்டு இடத்திலும் சில வருஷத்துக்கொரு தடவை ஆட்கள் வாளியோடு வருவார்கள், மஞ்சள் அடிப்பார்கள், போய்விடுவார்கள். என்ன நிறம் வேண்டுமென்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

மருதமுத்து ஓய்வுபெற்றதும் நியூ டவுனில் நாலாவது மாடியில் இரண்டு அறை உள்ள ஃபிளாட் ஒன்றை வாங்கினார்கள். எல்லாச் சுவரும் வெள்ளை. ஆறு மாதம் ஓடிவிட்டது, சுவரில் ஒரு ஆணி ஏறவில்லை. காலண்டர் ஃபிரிட்ஜின் மேல் காந்தத்தில் தொங்கியது, கடிகாரம் அலமாரியில் சாய்ந்து நின்றது. ஒருநாள் முருகன் படத்தை மாட்டலாமென்று கிருஷ்ணம்மாள் சுத்தியலை எடுத்தாள். குளித்துக்கொண்டிருந்த மருதமுத்து துண்டோடு ஓடிவந்தார்.

"செவுத்தக் கெடுக்காத கிருஷ்ணா! நாளைக்கு ஒப்படைக்கறப்போ பதில் சொல்லணும்."

"யார்கிட்டங்க ஒப்படைக்கப் போறீங்க?"

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டத் திரும்பிப் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்த அன்று, இருந்த ஏழு ஆணித் துளைகளையும் பல்பொடிப் பசையால் அடைத்து விரலால் தேய்த்துச் சமமாக்கிவிட்டு வந்த மனிதர் அவர். கிருஷ்ணம்மாளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. முருகனை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

சுவரில் காகிதம் ஒட்டும் ஆசை அவளுக்குப் பல்வலியில் வந்தது. மகள் ஜெயப்ரியா பாலிகஞ்சில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பல் டாக்டரிடம் அம்மாவைக் கூட்டிப்போனாள். காத்திருக்கும் அறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க இளநீலத்தில் கொடியும் பூவுமாக இருந்தது. கிருஷ்ணம்மாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது, வலியையே மறந்து போயிருந்தாள். எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். "இது பெயின்ட் இல்லடி, காயிதம்!" என்றாள் மகளிடம்.

அடுத்த வாரம் சாந்தினிக் கடைத்தெருவில் ஒரு கடையில் புத்தகம் புத்தகமாகப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். வெளிர்பச்சையில் வெள்ளைப் பூக்கள், நடுநடுவே கிளையில் உட்கார்ந்த சின்னச் சின்னப் பழுப்புக் குருவிகள். படுக்கையறையில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் மூன்று சுருள். ஒட்ட ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னார். கிருஷ்ணம்மாள் வேண்டாமென்றுவிட்டாள்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் மருதமுத்து மெல்லக் கேட்டார். "ஏன் ஆள் வேணாம்னுட்ட? நமக்கு என்ன தெரியும்?"

"இத்தன வருசமா யாராரோ வந்து அடிச்சுட்டுப் போனாங்க. இது நான் ஒட்டுறேங்க. கோணலாப் போனாலும் என் கோணலா இருக்கட்டும்."

புரட்டாசி பிறக்கவில்லை, மழை நின்றும் நிற்காததுமான நாட்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டுவிட்டு ஆரம்பித்தாள். பசைப் பொடியைத் தண்ணீரில் மொத்தமாகக் கொட்டியதில் கட்டி கட்டியாய் மிதந்தது. கேழ்வரகுக் களி கிளறியவளுக்கு இது தெரியாதா? கொட்டிவிட்டு, இரண்டாம் தடவை ஒரு கையால் தூவி ஒரு கையால் மத்தைச் சுழற்றினாள். தோசை மாவுப் பதத்தில் வழவழவென்று வந்தது. சுவரின் உயரத்தை அளந்து, மேலும் கீழும் நாலு விரல் கூடுதலாக விட்டு, சுருளுக்கு மூன்றாக ஒன்பது பட்டைகள் வெட்டி வைத்தாள். சுவருக்கு ஆறு போதும்.

முதல் பட்டையின் முதுகில் பசையைத் தடவினாள். அப்படியே தூக்கி, ஜன்னல் சட்டத்தை ஒட்டி நேராக வைத்து, மேலிருந்து கீழே துணியால் நீவினாள். மருதமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அங்கங்கே கொப்புளம் கிளம்பியது. காய்ந்தால் அமுங்கிவிடும் என்றாள். குருவிகள் சுவரில் உட்கார்ந்துவிட்டன. கிருஷ்ணம்மாளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. சாப்பிட்டுவிட்டு மீதியைப் பார்க்கலாமென்று அடுப்படிக்குப் போனாள்.

சாப்பாடு ஆனதும் மருதமுத்து வழக்கம்போல் கண்ணசந்தார். இழுத்துப் போட்டிருந்த கட்டிலின் தலைமாடு சுவரிலிருந்து இரண்டடிகூட இல்லை. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது சளக்கென்று ஒரு சத்தம். கூடவே ஒரு அலறல்.

"கிருஷ்ணா! வீடு விழுது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், பட்டை மேலேயிருந்து உரிந்து முழுசாக அவர் மேல் விழுந்து கிடந்தது. ஈரக் காகிதத்துக்குள்ளிருந்து இரண்டு கால்கள் மட்டும் உதைத்துக்கொண்டிருந்தன. அவள் இழுத்தாள், அவர் உள்ளேயிருந்து தள்ளினார், காகிதம் இரண்டாகக் கிழிந்தது. மீசையில் பசையோடு எழுந்து உட்கார்ந்த மருதமுத்து, முதலில் சுவரைத்தான் பார்த்தார். "செவுத்துக்கு ஒண்ணும் ஆகலியே?"

கிருஷ்ணம்மாள் சிரிக்கவில்லை. கிழிந்த காகிதத்தின் முதுகைத் தடவினாள். சுவரின் வெள்ளைப் பொடி அப்படியே அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் தேவையா இது என்று யாரோ கேட்பது போலிருந்தது.

மருதமுத்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். சுருளோடு கடையில் கொடுத்த தாள். பொடி எழுத்தில் இங்கிலீஷ். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆபீஸில் சுற்றறிக்கை படிக்கிற அதே குரலில் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். சுவரில் பொடி இருக்கக்கூடாது, துடைத்து அடிப்பூச்சாக ஒரு கை பிரைமர் அடிக்க வேண்டும். பசை தடவியதும் பட்டையை மடித்து ஏழு நிமிஷம் ஊறவிட வேண்டும், இல்லாவிட்டால் சுவரில் போய் ஊறிக் கொப்புளம் விடும். ஜன்னலையும் கதவையும் நம்பக்கூடாது, தூக்குக் குண்டு விட்டுக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணம்மாள் நிமிர்ந்தாள். தாளில் அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு இருந்தது.

"இத எப்பப் படிச்சீங்க?"

"ஞாயித்துக்கெழமை."

"ரெண்டு நாளுக்கு முன்னாடியேவா? அப்ப நான் ஜன்னல ஒட்டி வெக்கறப்போ பார்த்துட்டு நின்னீங்களே, வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

மருதமுத்து தாளை மடித்தார். பிரித்தார். "நீ பாடிட்டு இருந்த."

"என்னது?"

"பசை தடவறப்போ. மெதுவா, உனக்குள்ளயே. உங்கப்பா போனதுக்கப்புறம் நீ பாடி நான் கேட்டதே இல்ல. குறுக்க பேசுனா நிறுத்திருவியேன்னு..." ஏணியின் பசையைத் துடைக்க ஆரம்பித்தார்.

தான் பாடியது அவளுக்கே தெரியாது. கோபம் வருமென்று பார்த்தாள், வரவில்லை. புடவைத் தலைப்பால் அவர் காதோரம் காய்ந்திருந்த பசையைச் சுரண்டிவிட்டாள். "நல்ல மனுசன்யா நீங்க" என்றாள்.

மறுபடி முதலிலிருந்து. புதன்கிழமை முழுக்கச் சுவரை ஈரத்துணியால் துடைத்தார்கள். வாளித் தண்ணீர் பாலாக மாறிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் பிரைமர் அடித்துக் காயவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலையில் கிருஷ்ணம்மாள் நூலில் ஒரு பித்தளைப் பூட்டைக் கட்டி மேலேயிருந்து தொங்கவிட்டாள். பூட்டு ஆடி நின்றதும் பார்த்தால், ஜன்னல் சட்டம் அடியில் ஒரு விரல்கடை விலகியிருந்தது. புது வீட்டு ஜன்னலே இப்படி!

"ஃபேனை நிறுத்தணும்" என்றார் மருதமுத்து தாளைப் பார்த்து. "காத்து பட்டா ஓரம் மொதல்ல காஞ்சு தூக்கிக்குமாம்."

கல்கத்தாவின் அந்த மாதப் புழுக்கத்தில் ஃபேனில்லாத அறை எப்படியிருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மருதமுத்து பனியனையும் கழற்றிவிட்டார். கிருஷ்ணம்மாள் கொண்டையை உச்சிக்கு ஏற்றி முடிந்துகொண்டாள். அவள் பசை தடவி மடித்து வைப்பாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஏழு நிமிஷம் சொல்வார். அவளுக்கு முழங்கால் வலி என்று ஏணியில் அவரே ஏறினார். மேல்நுனியை அவர் பிடிக்க, கீழே அவள் கோட்டோடு சேர்த்து நகர்த்துவாள்.

"எடப்பக்கம் கொஞ்சம் விடுங்க. அவ்ளோ இல்ல. குருவியோட வாலு இங்க பாதி, அங்க பாதி இருக்கு பாருங்க, அது ரெண்டும் சேரணும்."

"சேந்துருச்சா?"

"சேந்துருச்சு. அப்படியே அமுக்குங்க."

நாலாவது பட்டையில் சுவிட்ச் பெட்டி குறுக்கே வந்தது. மெயினை அணைத்துவிட்டு, மூடியைக் கழற்றி, அதன் மேலேயே காகிதத்தை விட்டுக் குறுக்காகக் கீறி மடக்கினாள். கடைசிப் பட்டை முழு அகலம் வேண்டியிருக்கவில்லை. மூலையிலிருந்து ஒரு முழமும் கொஞ்சமும்தான். "இத நான் வெட்டட்டா?" என்று மருதமுத்து கேட்டார். இரும்பு ஸ்கேலை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரிஜிஸ்டரில் கோடு போடுவது போல் வெட்டினார். அதையும் ஒட்டி முடித்தபோது வெளிச்சம் மங்கிவிட்டது. கட்டிலையும் அலமாரியையும் இடத்துக்குத் தள்ளிவிட்டு, இருவரும் ஹாலில் ஃபேனுக்கு நேராகத் தரையில் மல்லாந்து படுத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயப்ரியா வந்தாள். வாசலிலேயே பையைப் போட்டுவிட்டு அறைக்குள் ஓடினாள். "ஆரே பாபா! நீங்களா ஒட்டினீங்க? நெஜமா?" கட்டிலில் விழுந்து புரண்டு சுவரைப் பார்த்தாள். மூலைப்பக்கம் பார்வை போனதும் தலையைச் சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள்.

"அம்மா, அந்த ஓரத்துல குருவியெல்லாம் ஏன் தலைகீழாத் தொங்குது?"

உண்மைதான். அலமாரி மறைத்தது போக மிச்சமிருந்த இடத்தில் நாலைந்து குருவிகள் காலை மேலே வைத்து வௌவாலாய்க் கிடந்தன. இணைப்பில் பூ சேராததைச் சுவரின் கோணல் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தார்கள். அம்மாவும் பெண்ணும் கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மருதமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "நான் வெட்டினது" என்றார்.

"அப்பா, முக்காவாசி அலமாரிதான் மறைச்சுருக்கே. யாரு பார்க்கப் போறா?"

"இருக்கட்டுங்க, அழகாத்தான் இருக்கு" என்றாள் கிருஷ்ணம்மாளும். அவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை அவள் காய் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது வீட்டில் ஃபேன் சத்தம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல எட்டிப் பார்த்தாள். அலமாரி தள்ளியிருந்தது. பழைய பட்டை நனைத்து உரிக்கப்பட்டு, கீழே சுருண்டு கிடந்தது. மருதமுத்து தனியாக ஏணியில் நின்றுகொண்டு, மிச்சமிருந்த பட்டை ஒன்றை வெட்டி, மேல்நுனியை நெற்றியால் அழுத்திப் பிடித்தபடி இரண்டு கையாலும் நீவிக்கொண்டிருந்தார். கண்ணாடியெல்லாம் பசை. குருவிகள் நேராக உட்கார்ந்திருந்தன.

கூப்பிட வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். காய்ப்பையை மார்போடு அணைத்தபடி கதவோரமாகவே நின்று, அவர் கடைசி அங்குலம் வரைக்கும் நீவி முடித்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர் ஃபிளாட்டில் ஷிப்ரா என்று ஓய்வுபெற்ற பள்ளி டீச்சர் தனியாக இருக்கிறாள். தேங்காய்த் துருவி கேட்டு வந்தவள் சுவரைப் பார்த்துவிட்டாள். "ஓமா! கே கோரேச்சே?" யார் செய்தது என்று கேட்டாள். "ஆம்ரா" என்றாள் கிருஷ்ணம்மாள். நாங்கள். ஷிப்ரா நம்பவில்லை, பசை ஒட்டிய மத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டியிருந்தது. துர்கா பூஜைக்கு முன்னால் தன் முன்னறையிலும் ஒரு சுவருக்கு ஒட்டித் தரமுடியுமா என்று கிருஷ்ணம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படித்தான் மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்னால் கிருஷ்ணம்மாள் வாளியோடும், பின்னால் மருதமுத்து ஏணியோடும் எதிர்வீட்டுக்குப் போனார்கள். இந்தத் தடவை ஒரே நாளில் முடிந்தது. ஷிப்ரா சுடச்சுட மைதாப் பூரியான லுச்சியும் உருளைக்கிழங்குக் குழம்பும் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பேஹாலாவிலிருந்து அவள் தம்பி போன் செய்தான். சுவரின் படத்தை அவனுக்கு அனுப்பியிருந்தாள். ஒட்டிய கூலியாட்களின் நம்பர் வேண்டுமாம் அவனுக்கு. ஷிப்ரா போனைக் கையால் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் விஷயத்தைச் சொன்னாள்.

கிருஷ்ணம்மாள் புருஷனைப் பார்த்தாள். மருதமுத்து லுச்சியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"புதன்கெழமைக்கு மேல வர்றோம்னு சொல்லு" என்றார்.