மூன்று படி, பின்பக்கமாக

அன்று கோயிலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை இப்போது ஆளுக்கொரு மாதிரிச் சொல்கிறார்கள். வராதவர்கள்கூடக் கண்ணால் கண்டதுபோலச் சொல்கிறார்கள். ஞானஸ்நானம் பெற வந்த மூன்று மாதப் பிள்ளை. பிள்ளையை வைத்திருந்த அண்ணி. புதுச் சேட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்த அண்ணை. அம்மா. அப்பா. கனடாவிலிருந்து வந்திருந்த மாமி, அப்பாவின் தங்கை. மாமியின் மகள், எனக்கு மச்சாள். ஞானத்தகப்பனாக நிற்க வந்த அண்ணியின் தம்பி. ஃபாதர். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த என்னுடைய சிநேகிதிகள் இரண்டு பேர், ஒருத்திக்கு ஊர் உரும்பிராய், நெற்றியில் திருநீறு, மற்றவளுக்கு மானிப்பாய். பிறகு நான், தூணைப் பிடித்துக்கொண்டு. பன்னிரண்டு பேர். பயம் வந்தால் நான் எண்ணுவேன். அன்று பலமுறை எண்ணினேன்.

தூணைப் பிடித்ததற்குக் காரணம் பக்தி இல்லை, முழங்கால். மூன்று நாளுக்கு முன்னர் நான் ஒரு மலை ஏறி இறங்கியிருந்தேன்.

நான் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்க்காரி, மீன்பிடிக் குடும்பம். எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் ஏறக்கூடிய உயரம் என்றால் தண்ணீர்த் தாங்கி, அல்லது கோயில் மணிக்கோபுரம். நான் இரண்டிலும் ஏறியதில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். பஸ் பிழையான பஸ்ஸோ என்று பயம். காஸ் அடுப்பைப் பூட்டினேனா என்று பயம். பதினோராம் வகுப்பு ஓ.எல். சோதனையின் முதல் நாள் மண்டபத்து வாசல்வரை போய், கக்கூசுக்குப் போகிறேன் என்று சொல்லி, அப்படியே வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அதோடு படிப்பு முடிந்தது. கொக்குவிலில் ஒரு தையல் கடையில் பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறேன். அந்த இரண்டு சிநேகிதிகளும் எனக்கு இரு பக்கத்திலும் இருந்து தைப்பவர்கள்.

ஓகஸ்ட்டில் பள்ளிக்கூட லீவு, கடையில் வேலை குறைவு. மலைநாட்டுக்குப் போவோம் என்று மானிப்பாய்க்காரி தொடங்கினாள். வீட்டில் சொன்னபோது அண்ணை சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயோ? மலையோ? கட்டிலில ஏறி நுளம்புவலை கட்டவே உனக்குத் தலை சுத்தும்."

போவதா விடுவதா என்று அதுவரை நான் முடிவெடுக்கவில்லை. அந்தச் சிரிப்போடு முடிவெடுத்தேன்.

அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. "போட்டு வா. ஞாயிற்றுக்கிழமைக்கு நிண்டால் சரி," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். நான்தான் ஞானத்தாய். அது அண்ணிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போதே முடிவான விஷயம். பிரஷர் ஏறி அவரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது, பகல் தையல் முடிய நேரே போய் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். நான் பயந்தபடி இருப்பதைப் பார்த்தால் தன்னுடைய பயம் குறைகிறது என்பார். ஒரு பின்னேரம் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "இதுக்கு நீதான் ஞானத்தாய். ஆர் வந்து என்ன சொன்னாலும் நீதான்," என்று சொன்னார். என் வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவரும் அதற்கு முன் எதையும் தந்ததில்லை. ஞானஸ்நானத்துக்குப் பிள்ளை போடும் வெள்ளைச் சட்டையை நானே தைத்தேன். கழுத்து லேசை மூன்று தரம் பிரித்துத் தைத்தேன்.

மலைக்குப் பெயர் வைப்பதிலேயே பஸ்ஸில் சண்டை வந்தது. உரும்பிராய்க்காரிக்கு அது சிவனொளிபாதமலை. எனக்கு ஆதாம் மலை. உச்சியில் இருக்கும் பாதச் சுவட்டை ஒவ்வொரு சமயத்தவரும் ஒவ்வொருவருடையது என்கிறார்கள். "ரெண்டு பேரும் மூடுங்கோடி, ஏறிப்போட்டுப் பேர் வைப்பம்," என்றாள் மானிப்பாய்க்காரி. அடிவாரத்தில் அறை எடுத்துப் பையைத் திறந்தபோது ஒரு கிலோ உப்புப் பை வெளியே விழுந்தது. அட்டைக்கு உப்பு நல்லது என்று எங்கேயோ கேட்டிருந்தேன்.

"எடியே, அட்டையைக் கருவாடு போடப் போறியோ?"

"மீன்காரற்றை பிள்ளையெல்லே. கையளவு தெரியாது," என்றாள் மற்றவள்.

விடிந்ததும் ஏறத் தொடங்கினோம். அது யாத்திரைக் காலம் இல்லை. கடைகள் எல்லாம் தறப்பாள் கட்டிப் பூட்டிக் கிடந்தன. மழை பெய்கிறதா, முகில்தான் உடம்பில் படுகிறதா என்று தெரியவில்லை. படி, படி, பிறகும் படி. நான் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரு படிக்கு ஒரு மணியாக உருட்டினேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கி, அருள் நிறைந்த மரியே பாதியில் நின்றுவிடும். மிச்சத்தை அடுத்த படியில் சொல்வேன். அட்டை கடித்தது. உப்பு ஈரத்தில் கட்டியாகிப் பையை விட்டு வரவில்லை. மூன்று பேருமாய் அட்டையை நகத்தால் சுண்டி எறிந்தோம்.

பாதிக்கு மேல் ஓரிடத்தில் இருந்துவிட்டேன். "நீங்கள் போங்கோ. நான் இதில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன்."

"என்னத்தைப் பாக்கப் போறாய்? உன்ரை மூக்கே முகிலுக்குள்ள தெரியேல்லை," என்றபடி உரும்பிராய்க்காரி எனக்குப் பக்கத்தில் குந்தினாள். எழும்பு என்று சொல்லவில்லை. பயப்படாதே என்றும் சொல்லவில்லை. தோட்டத்து வெங்காயம் விலை விழுந்ததற்குத் தன்னுடைய அப்பா, அம்மாவோடு போட்ட சண்டையை முழுக்கச் சொன்னாள். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் எழுந்து நடந்தோம்.

மேலே போய்ப் பார்த்தது வெள்ளை. கிழக்கும் வெள்ளை, மேற்கும் வெள்ளை. காற்று ஆளைத் தூக்கப் பார்த்தது. அங்கே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது தரம் ஏறினோமோ அத்தனை தரம் அடிப்பது வழக்கமாம். சிநேகிதிகள் ஒவ்வொரு அடி அடித்தார்கள். நான் யோசித்தேன். பாவமோ? ஃபாதரிடம் கேட்டிருக்க வேண்டுமோ? மணிக் கயிறு ஈரமாக என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. பயந்து பயந்து ஏறியவள் நான். அட்டை கடித்தது என்னை. பிடித்து ஓங்கி ஒரு அடி அடித்தேன். மானிப்பாய்க்காரி அதைப் போனில் எடுத்து, இறங்கும் வழியில் சிக்னல் கிடைத்த இடத்தில் தன்னுடைய ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள்.

இறங்குவதுதான் கஷ்டம் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தொடை நடுங்கி முழங்கால் மடிந்துகொண்டே போனது. கடைசியில் மானிப்பாய்க்காரி என்னைத் திருப்பி விட்டாள். "பின்பக்கமா இறங்கு. ஏணியால இறங்கிற மாதிரி. நாங்கள் கீழ நிக்கிறம்." கம்பியைப் பிடித்து, மலையைப் பார்த்தபடியே, ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக இறங்கினேன். எதிரே ஏறி வந்த வெள்ளைக்காரப் பெடியன்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சனிக்கிழமை காலை சுவரைப் பிடித்துப் பிடித்து வீட்டுக்குள் வந்தேன். மாமி முன்கதிரையில் இருந்தார். கையில் மச்சாளின் போன். மச்சாளுக்கும் மானிப்பாய்க்காரிக்கும் வந்த நாளிலிருந்து போனில் பழக்கம். ஸ்டேட்டஸ் மாமியின் கண்ணில் பட்டுவிட்டது.

"வா பிள்ளை. கோயில் மணி அடிச்சுக் களைச்சுப்போனாய் போல."

நான் பையை இறக்கி வைத்தேன். மாமி அப்பாவைப் பார்த்துத் தொடர்ந்தார். "அண்ணை, நான் ஒளிச்சுக் கதைக்கேல்லை. நாளைக்கு என்ரை மகள் ஞானத்தாயா நிக்கட்டும். உவள் வேறை சமயக்காரற்றை மலையில போய்ப் பாதத்தைக் கும்பிட்டுப்போட்டு வாறாள். ஓ.எல். சோதனையும் எழுதாதவள். ஞானப்பிள்ளைக்கு என்னத்தைப் படிப்பிக்கப் போறாள்?"

இதில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அண்ணையின் வள்ளத்துக்கு எஞ்சின் மாமியின் காசு. நாளைக்கு மண்டபத்தில் அறுபது பேருக்குச் சாப்பாடு மாமியின் காசு. அண்ணை நகத்தைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார். அண்ணி பிள்ளையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"மாமி, நான் கேட்டது அவளை," என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு பிள்ளை. உனக்கு விளங்காது."

அன்று சோதனை மண்டப வாசலில் நின்றதுபோலத்தான் இருந்தது. கதவு பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் முழங்கால் இருந்த நிலையில் ஓட ஏலாது. அது நல்லதாய்ப் போயிற்று.

"நான் பாதத்தைக் கும்பிடேல்லை மாமி. ஏறி முடியும்வரைக்கும் செபமாலைதான் சொன்னனான். கும்பிட்டிருந்தாலும் உங்களிட்டைக் கேட்டுக் கும்பிட்டிருக்க மாட்டன். எனக்கு உறுதிப்பூசுதல் குடுத்திருக்கு. ஞானத்தாய்க்கு அதைத்தான் கேக்கிறது, ஓ.எல். கேக்கிறேல்லை."

"வாய் நீண்டிட்டுது. உவள் நிக்கிறதெண்டால் என்ரை காசில அங்க ஒரு சோத்துப் பருக்கை வேகாது."

"வேண்டாம். சாப்பாட்டுக் காசு நான் குடுக்கிறன்."

சொன்ன பிறகுதான் அறுபது பேர் என்பது நினைவுக்கு வந்தது. மச்சாள் மட்டும், பாவம், மெதுவாக, "அம்மா, ஓகே, விடுங்கோ. எனக்கு வேணாம்," என்றாள். மாமி அவளையும் பார்த்தார், அவளும் அடங்கிவிட்டாள். அன்று முழுக்க நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் வேறு விடை வந்தது. ஒரு தடவையும் வேண்டாம் என்று வரவில்லை.

ஞாயிறு, பூசை முடிந்து சனம் கலைந்தது. விருந்துக்குச் சொன்னவர்கள் மத்தியானம் மண்டபத்துக்குத்தான் வருவார்கள். நாங்கள் பன்னிரண்டு பேரும்தான் மிச்சம். ஞானஸ்நானத் தொட்டி பீடத்துக்குப் பக்கத்தில், மூன்று படிக்கு மேலே. ஃபாதர் மேலே நின்று கேட்டார்: "ஞானத்தாய் ஆர்?"

மாமி மச்சாளின் முதுகில் கை வைத்தார். "ஃபாதர், இவள் நிக்கட்டும். மற்றவளுக்கு நிக்கவே ஏலாது. தூணைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள், பாருங்கோ. பிள்ளையை விழுத்திப்போடுவாள்."

அதுதான் எனக்கும் பயம். மாமிக்கு நான் அதைச் சொல்லவில்லை, ஆனால் இரவு முழுக்க அந்தப் பயம்தான். காலையில் ஒரு தலையணையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் படியில் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஏறலாம். முன்பக்கமாக இறங்கினால் இரண்டாம் படியில் முழங்கால் விட்டுவிடும்.

"நான்தான் ஃபாதர்," என்று தூணை விட்டேன். நடந்தேன். தாரா நடப்பது போல நடந்தேன். அண்ணி என்னிடம் பிள்ளையைத் தந்தார், கைமாறும்போது என் விரலை ஒருதரம் இறுக்கினார். படி ஏறினேன். ஃபாதர் கேட்கக் கேட்க மறுமொழி சொன்னேன். பசாசை விட்டுவிடுகிறாயா என்ற கேள்விக்கு என் குரல் தேவைக்கு மேலாகவே கேட்டது. கடைசி வாங்கில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டது. மலை மேல் அடித்த மணியைவிடச் சத்தம்.

பிறகு இறங்க வேண்டும். அண்ணை கீழே நின்று கையை நீட்டினார். "கொண்டா, நான் வாங்கிறன்." கொடுத்திருக்கலாம்தான். ஆனால் ஞானத்தாய்தான் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும், எங்கள் கோயிலில் அதுதான் முறை. நான் திரும்பிப் பீடத்தைப் பார்த்து நின்றேன். பிள்ளையை நெஞ்சோடு அணைத்தேன். காலைப் பின்பக்கமாக விட்டு முதல் படியைத் தேடினேன்.

"என்னடி செய்யிறாய்?" என்றார் மாமி.

கடைசி வாங்கிலிருந்து இரண்டு பேர் ஓடி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. மறுபடி எனக்குக் கீழே வந்து நின்றார்கள், மலையில் நின்றது போலவே, ஒருத்தி இந்தப் பக்கம், ஒருத்தி அந்தப் பக்கம். "சரி, அடுத்தது," என்றாள் உரும்பிராய்க்காரி. இரண்டாம் படி. "கடைசி." மூன்றாம் படி. தரை. பிள்ளை அழுகையை நிறுத்தி என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விடுவித்து அண்ணியிடம் கொடுத்தேன்.

மாமி சொல்கிறார் நான் பீடத்துக்கு முன்னால் கூத்தாடினேன் என்று. எதிர்வீட்டுக்காரி, அன்று அங்கே இல்லாதவள், சொல்கிறாள் நான் பக்தியில் பீடத்துக்கு முதுகு காட்டாமல் இறங்கினேன் என்று. இரண்டும் பொய். எனக்குக் கால் ஏலாது. பயம். பயத்தோடு இறங்கினேன். வேறு எப்படி இறங்க வேண்டும் என்று யாராவது நினைத்தால் அவர்களே ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பார்க்கட்டும்.

மாமி சாப்பிட வரவில்லை. மச்சாள் வந்தாள், இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். போகும் முன் என்னிடம் வந்து, அடுத்த முறை வரும்போது தன்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். உப்புக் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன்.

சாப்பாட்டுக் கடைக்காரருக்கு அண்ணை தன் கைக்காசில் முன்பே முற்பணம் கொடுத்திருந்தார். மீதிக்கு நான் பொறுப்பு. கையில் இருந்ததைக் கொடுத்தேன். பிறகு மாதம் ஐயாயிரம். மாமி கனடா போன பிறகு மனம் மாறி அண்ணையின் கணக்குக்குக் காசு போட்டிருக்கிறார். அதை எஞ்சின் திருத்த வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். சிநேகிதிகள் நீட்டியதையும் வாங்கவில்லை. ஒவ்வொரு மாதமும் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் வழியில், இந்த முறை காசு குறைந்துவிட்டதோ என்று இரண்டு தரம் சைக்கிளை நிறுத்தி எண்ணுகிறேன். பிறகு போய்க் கொடுக்கிறேன். இன்னும் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் இருக்கிறது.