பொம்மிக்காக ஓடிய லேத்

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகளுக்குத் தலைதீபாவளி. கோவை கணபதிப் பகுதியில், இரும்பு கடையும் லேத் பட்டறைகளுக்கு நடுவில்தான் எங்கள் வீடு. மாப்பிள்ளை முதல்முறையாகப் பண்டிகைக்கு வருகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டாசு மட்டும் இரண்டு அட்டைப்பெட்டி வாங்கிக் குவித்தேன்!

எங்கள் வீட்டு நாய் பொம்மி. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தெருவிலிருந்து தூக்கி வந்தவள். அந்தத் தீபாவளியின்போது பொம்மிக்குப் பதினோரு வயது. இதயம் பலவீனமாக இருக்கிறது, வெடிச் சத்தத்தில் மிரள விடாதீர்கள் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். மகளும் போனில் நாலு தடவை, "அப்பா, பொம்மியை ஊட்டுக்குள்ளயே வெச்சுக்குங்க" என்றாள். நான் கேட்டால்தானே! புது மாப்பிள்ளை வருகிற வீட்டில் நாய் குறுக்கும் நெடுக்குமாகத் திரிந்தால் நன்றாகவா இருக்கும்? கொல்லைப்புறத்தில் சங்கிலியில் கட்டிவிட்டேன். "அதெல்லாம் பத்திரமா இருக்கும்" என்று மனைவியின் வாயையும் அடைத்தேன்.

விடியற்காலையில் எண்ணெய்க் குளியல் முடிந்ததும், மாப்பிள்ளை கையால் முதல் சரத்தைக் கொளுத்த வைத்தேன். சரம் ஓய்ந்ததும் மகள் கொல்லைக்கு ஓடினாள். சங்கிலியில் கழுத்துப்பட்டை மட்டும் தொங்கியது. அதில் ரத்தக்கறை. மகள் புதுப் பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நான் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம் என்று சந்து சந்தாகத் தேடினோம். நிறுத்தியிருந்த லாரிகளுக்கு அடியில்கூடப் படுத்துப் பார்த்தேன். மணி பத்தாகிவிட்டது. எங்கள் பின்தெருவில் ஒரு சின்னப் பட்டறை. தெருவே லீவில் இருக்க, அங்கே மட்டும் மெஷின் சத்தம். பாதி இறங்கியிருந்த ஷட்டருக்குள் குனிந்து பார்த்தால், லேத்துக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் சுருண்டு தூங்குகிறாள் பொம்மி! கழுத்துக் காயத்தில் யாரோ மஞ்சள் வைத்திருந்தார்கள்.

பட்டறைக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தினமும் போத்தனூரிலிருந்து வந்துபோகிறவர். ஓர் அவசர ஆர்டரை முடிக்கக் காலையிலேயே வந்தாராம். கொஞ்ச நேரத்தில் பொம்மி நடுநடுங்கிக்கொண்டு உள்ளே வந்து விழுந்திருக்கிறாள்.

"டெய்லி மத்தியானம் இங்கதானுங்கண்ணா தூங்கும். இந்தச் சத்தம் அதுக்குப் பழக்கமுங்க. இது ஓடுனா வெடிச்சத்தம் பெருசாக் கேக்காது" என்றார். ஆர்டர் எப்போதோ முடிந்துவிட்டது. இரும்பே மாட்டாமல் வெறும் லேத்தை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன்! ஒருமுறை நிறுத்திப் பார்த்தாராம். அவள் விழித்து மறுபடி நடுங்கினாளாம்.

அத்தனை வருடம் சோறு போட்ட எனக்கு, அவள் பகலில் எங்கே தூங்குகிறாள் என்பதே தெரியாது. வெட்கமாகப் போய்விட்டது.

வெடிக்கு நடுவில் அவளை வீட்டுக்குத் தூக்கிப் போகவும் பயம். "நீங்க ஊட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். "ஓடுற மெஷினை உட்டுப்போட்டு எப்படீங்க போறது? பழக்கமில்லாதவங்க நிக்கக் கூடாதுங்க" என்று சிரித்தார். அப்புறமென்ன, விருந்தே பட்டறைக்குப் போனது. கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டிமேல் உட்கார்ந்து மாப்பிள்ளை தலைதீபாவளிச் சாப்பாடு சாப்பிட்டார். மகள் பொம்மிக்குத் தயிர்சோறு ஊட்டினாள்.

சாயங்காலம் வந்துவிடுவதாகப் போனில் தன் சின்ன மகளிடம் சொல்லியிருந்தார் அவர். ஆனால் இருட்டியதும் வெடி இன்னும் பலமானது. மறுபடி போன் அடித்தது. "நாளைக்குச் சேந்து வெடிக்கலாம் கண்ணு. இங்க ஒருத்தி பயந்துக்கிட்டு இருக்கறா" என்றார். மறுமுனையில் அழுகை எனக்கே கேட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர, எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் லேத்தை நிறுத்தி, பொம்மியைத் தூக்கி என் கையில் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

பொம்மி இன்றும் நன்றாக இருக்கிறாள். என் பெண்ணின் தீபாவளியில் எந்தக் குறையும் வரக் கூடாது என்று ஓர் உயிரைச் சங்கிலியில் கட்டியவன் நான். யார் வீட்டு நாய்க்காகவோ தன் பெண்ணின் தீபாவளியையே தள்ளிவைத்த அந்தத் தகப்பனை நினைத்தால், இப்போதும் என் கை தானாகக் குவிகிறது.