ராட்டினத்தில் நீண்டுபோன அம்மா

கப்பலில் வேலை பார்த்த என் மாமா, பதவி உயர்வுக்கான வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு எங்கள் சிட்லபாக்கம் வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். படித்தார் என்று அம்மா நம்பினாள். பாதி நேரம் என்னோடு கேரம் ஆடினார். எனக்கு எட்டு வயது. அவர் தேறிவிட்டால் மீதி நேரமும் ஆடலாமே என்று தினமும் சாமியிடம் வேண்டிக்கொண்டேன்.

இரண்டு தடவையும் அவரைக் கவிழ்த்தது ஒரே கேள்வி. கப்பல் அலையில் இப்படியும் அப்படியும் திரும்பும்போது ரேடார் படம் ஏன் இழுபடுகிறது? விடை அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வராது.

ஒரு மாலை ஏரிக்கரைப் பூங்காவில் என்னை ராட்டினத்தில் உட்காரவைத்து, மடியில் சிலேட்டைக் கொடுத்தார்.

"நீதான் கப்பல். சிலேட்டோட மேல்பக்கம் உன் மூக்குக்கு நேரா இருக்கணும். அம்மா எந்தப் பக்கம் தெரியறாளோ அங்க புள்ளி வை."

ராட்டினத்தைக் கொஞ்சம் வலமும் கொஞ்சம் இடமுமாக ஆட்டினார். நான் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். முடிவில் சிலேட்டில் அம்மா கம்பளிப்பூச்சி மாதிரி வளைந்து நீண்டு கிடந்தாள்.

பெஞ்சில் சுண்டல் தின்றுகொண்டிருந்த அம்மாவிடம் காட்டினேன். "நான் இந்த இடத்த விட்டு அசையவே இல்லியேடா!" என்று மாமாவிடம் சண்டைக்கு வந்தாள்.

"அதான்க்கா! நீ அசையல, கப்பல்தான் திரும்புச்சு!" மாமா துள்ளினார்.

அடுத்து, ராட்டினம் எப்படித் திரும்பினாலும் சிலேட்டின் மேல்பக்கம் தூரத்தில் தெரிந்த தண்ணீர்த் தொட்டியையே பார்க்கும்படி பிடிக்கச் சொன்னார். கை வலித்தது. ஆனால் இந்த முறை புள்ளிகளெல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன. "கப்பல்ல இந்த வேலைய கைரோங்கற திசைகாட்டி பாத்துக்கும்" என்றவர், தேர்வு அதிகாரியே எதிரில் நிற்பதுபோல முழு விடையையும் தடுமாறாமல் ஒப்பித்தார். நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் நின்று கேட்டுவிட்டுக் கைதட்டினார்.

மாமா தேறிவிட்டார். தெருவெங்கும் நான்தான் லட்டு கொடுத்தேன். இத்தனை நாளும் அவரை "படிடா, படிடா" என்று விரட்டிய அம்மா மட்டும் மாமாவின் கப்பல் பெட்டியில் ஊறுகாய் பாட்டில்களைத் துணி சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழம வண்டலூர் ஜூவுக்குப் போலாமா மாமா?" என்று கேட்டேன்.

"போலாமே" என்றார்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.