அசையாத முகம்

மாமனார் மருதையனின் பாடையைத் தூக்கும்போது அன்பரசன் சிரித்தான். வாய்விட்டு, விடாமல். மேளம்கூட ஒரு கணம் நின்றது. சுடர்விழி அழுகையை மறந்து கணவனைப் பார்த்தாள். அவன் கண்ணில் சிரிப்பே இல்லை, மிரட்சிதான் இருந்தது.

“நான் சிரிக்கல சுடர். அது தானா வருது,” என்றான் பிறகு.

இருபது வருடமாகத் திருவையாற்றைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகளில் அவனுக்கு வெல்டிங் வேலை. நெல் அவிக்கும் இரும்புத் தொட்டிக்குள் இறங்கி விரிசலைப் பற்றவைப்பான். மேலே ஆள் நுழையுமளவு ஒரே துவாரம். புகைக்கும் அதுதான் வழி. ஒரு வாழைப்பழம் தின்றால் புகையின் நஞ்சு முறிந்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தச் சாவுக்குப் பிறகு மெல்ல மெல்ல அவன் முகம் நின்றுபோனது. கோபமோ வலியோ அதில் ஏறவில்லை. இமைப்பதே அரிது. குதிகால் தரையில் படாமல், முழங்கையை மடக்கி, சேவல்போல நடந்தான். வளர்த்த நாயே அவனைக் கண்டு குரைத்தது. மோந்து பார்த்த பிறகும் பின்வாங்கியது.

“யாரோ உள்ள பூந்துட்டான்டி,” என்றாள் பக்கத்து வீட்டு அம்சம். சோறு போட்டதும் சுடர்விழி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு விலகிக்கொள்வாள். வேறு எவனோ அவர் முகத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல.

ஒரு நாள் நண்பகலில், தெருவில் வந்த டிராக்டருக்கு வழிவிட இரண்டடி பின்னால் எடுத்து வைத்தான். கை ஊன்றாமல், உடம்பு மடங்காமல், வெட்டிய மரமாக மல்லாந்து விழுந்தான்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் விஜயலட்சுமி ஸ்கேன் படத்தைக் காட்டினார். மூளையின் நடுவில், இரண்டு பக்கமும் வெள்ளையாக ஏதோ மினுங்கியது.

“மூடின இடத்துல வெல்டிங் பண்ணுவாரா?”

“தொட்டிக்குள்ளங்க. இருபது வருஷமா,” என்றாள் சுடர்விழி.

“அந்தப் புகையில மாங்கனீசுன்னு ஒரு உலோகம் இருக்கும்மா. மூச்சு வழியா போய் மூளையில தங்கியிருக்கு. தானா வர்ற சிரிப்பு, அசையாத முகம், இந்த நடை எல்லாம் அதனாலதான். இனிமே புகை பக்கமே போகக்கூடாது. போனது முழுசாத் திரும்பும்னு சொல்ல மாட்டேன்.”

பேய் இல்லை என்றதும் அவளுக்கு நிம்மதி வரவில்லை. உள்ளே இருப்பது அவரேதான். எல்லாம் தெரிந்தும் வெளியே வர முடியாமல் இருக்கிறார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுவாரம் ஆலைக்குப் போய், அவன் இடத்தில் தொட்டிக்குள் பற்றவைத்துக்கொண்டிருந்த ஃபாஜிலை மேலே கூப்பிட்டாள். “புகைய இழுக்க ஃபேன் வைக்காம இறங்காதீங்கண்ணே.” முதலாளி நாகநாதன் முனகினார். அவள் ஸ்கேன் படத்தை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். பத்து நாளில் ஃபேன் வந்தது.

மே மாதம் மகள் இசைவாணிக்குப் பிளஸ் டூ ரிசல்ட். ஓடி வந்து மார்க்கைச் சொன்னாள். அன்பரசன் கல்லாகப் பார்த்தான். அவள் வாடிப்போனாள்.

“மூஞ்சியப் பாக்காத. கேளு,” என்றாள் சுடர்விழி.

“சந்தோஷமாப்பா?”

உதடு அசைய நேரமாயிற்று.

“ரொம்ப,” என்றான், ஏற்ற இறக்கமில்லாத குரலில். “குதிக்கணும்போல இருக்கும்மா.”